ஏலத்தில் எடுத்த பொருள் ஏமாற்றினால் பணத்தை யாரிடம் கேட்பது?

இணைய ஏலத்தில் போட்டி போட்டு வென்ற பொருள் வந்து சேரவில்லை. அல்லது படத்தில் ஒன்று, பெட்டிக்குள் வேறொன்று. பணமோ கிரெடிட் கார்டிலிருந்து என்றைக்கோ போய்விட்டது. இந்த நிலையில் இருக்கும் வாசகர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: விற்றவரிடமே பேசிக்கொண்டிருப்பதா, ஏலத் தளத்தில் புகார் கொடுப்பதா, பணத்தைக் கைமாற்றித் தரும் சேவையான பேபாலிடம் போவதா, நேராக வங்கியை அழைத்து அந்தத் தொகையை ஆட்சேபிப்பதா?

நான்குமே முறையான வழிகள். ஆனால் நான்கையும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் போன தொகையை ஆட்சேபித்துத் திரும்பக் கேட்பது) கேட்டால், ஈபே போன்ற ஏலத் தளம் தன் பக்கத்துப் புகாரை மூடிவிடும். பேபாலும் அப்படித்தான் செய்யும். ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு, கேட்கும் ஆதாரம் வேறு, முடிவு சொல்லும் ஆள் வேறு. ஆகவே, எதை முதலில் எடுப்பது, எதைக் கைவசம் வைத்துக்கொள்வது என்ற வரிசையைச் சரியாகப் பிடிப்பவருக்குத்தான் பணம் திரும்பக் கிடைக்கிறது. கோபத்தில் முதல் நாளே வங்கியை அழைப்பவரும் சரி, விற்றவர் சொல்லும் சமாதானத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவரும் சரி, பணத்தைக் கோட்டைவிடுவது இந்த வரிசையில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் குறை எந்த வகை என்று தெளிவாக வேண்டும். பொருள் வரவே இல்லையா? வந்தது விளக்கத்தோடு பொருந்தவில்லையா? போலியா? அல்லது அந்த ஏலத்தையே நீங்கள் எடுக்கவில்லையா, உங்கள் கார்டு எண்ணை வேறொருவர் பயன்படுத்தியிருக்கிறாரா? விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இவை தனித்தனிக் காரணங்கள். பொருள் வராததற்கு விசாவில் 13.1, விளக்கத்தோடு பொருந்தாததற்கு 13.3, போலிக்கு 13.4 என்று தனித்தனி எண்களே உண்டு. தவறான காரணத்தில் பதிவான நியாயமான வழக்கு தோற்றுப்போவது சாதாரணமாக நடப்பது.

இந்த வகைகளில் எதிலும் சேராத இன்னொன்று இருக்கிறது: ஏல வேகத்தில் அதிக விலை கேட்டுவிட்டு அப்புறம் வருந்துவது. அதற்கு எந்த வழியிலும் பணம் திரும்பாது. ஏலம் கேட்பது வாங்குவதாக ஒப்புக்கொள்வதுதான். ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது போன்ற பிழை என்றால், ஏலம் முடிவதற்கு முன் தளத்திலேயே திரும்பப் பெற வேண்டும். ஈபேயில் ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே அந்த வாய்ப்பு.

அடுத்து, பணம் யார் வழியே போனது என்று பாருங்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து அந்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். விற்றவர் பெயரா, ஏலத் தளத்தின் பெயரா, பேபால் பெயரா? வங்கியின் கண்ணில் உங்களிடம் பணம் வாங்கிய வணிகர் அந்தப் பெயருக்கு உரியவரே. பல முறையீடுகளின் தலையெழுத்தை இந்த ஒரு வரி தீர்மானிக்கிறது.

மீதி மூன்று: கெடு எவ்வளவு, கையில் என்ன ஆதாரம் இருக்கிறது, தோற்றால் என்ன இழப்பு.

## ஒரே பார்வையில்

| வழி | கெடு | முடிவு சொல்பவர் | திருப்பி அனுப்பும் செலவு | பலம் |
|---|---|---|---|---|
| விற்றவர் | கெடு இல்லை. ஆனால் மற்ற கெடுக்கள் ஓடிக்கொண்டே இருக்கும் | விற்றவர் | பேச்சுவார்த்தையைப் பொறுத்தது | நேர்மையான தவறுகள் |
| ஏலத் தளம் (ஈபே) | டெலிவரியிலிருந்து 30 நாள் | தளம் | விளக்கத்தோடு பொருந்தாவிட்டால் விற்றவர் | வராத பொருள், தெளிவான முரண்பாடு |
| பேபால் | பணம் செலுத்தியதிலிருந்து 180 நாள் | பேபால் | வாங்கியவர் தலையில் விழலாம் | தளத்தின் கெடு கடந்த வழக்குகள் |
| கார்டு வழங்கிய வங்கி | பொதுவாக 120 நாள் | வங்கிகள்; கடைசியில் கார்டு நிறுவனம் | பெரும்பாலும் வாங்கியவர் | தளம் கைவிட்டவை, கார்டு மோசடி |

## விற்றவரிடமே கேட்பது

கெட்ட எண்ணமே இல்லாமல் நடக்கும் தவறுகள் நிறைய. இரண்டு பார்சல்களின் முகவரிச் சீட்டு மாறிப்போயிருக்கும்; பழைய பொருளின் குறையை விற்றவரே கவனித்திருக்கமாட்டார். அப்படிப்பட்டவர்கள் ஒரு செய்தியிலேயே பணத்தைத் திருப்பிவிடுவார்கள். மேலும், வங்கி கேட்கப்போகும் முதல் கேள்வியே "விற்றவரிடம் கேட்டீர்களா" என்பதுதான். எனவே இந்தப் படியைத் தாண்டிப் போக முடியாது.

ஏலத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள். வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், தனி மின்னஞ்சலில் பேசலாம் என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள். தளம் தன் பெட்டிக்குள் இருக்கும் உரையாடலைத் தானே படித்துக்கொள்ளும். வெளியே நடந்ததை நிரூபிக்கும் சுமை உங்களுடையது.

இங்கே மறைந்திருக்கும் செலவு காலம். "கூரியரில் தாமதம், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்" என்று ஒரு பதில் வரும். அடுத்த வாரம் "சுங்கத்தில் நிற்கிறது". அதற்கடுத்து "வேறொன்று அனுப்பிவிட்டேன்". மரியாதையான, கனிவான பதில்கள். 31ஆம் நாள் பதில் நின்றுவிடும். தளத்தின் 30 நாள் கெடுவை விற்றவர் உங்களைவிட நன்றாக அறிவார். நம்பிக்கையை இப்படிக் காய்நகர்த்தும் ஆட்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் இதில் சிக்குவோர் அநேகமாக பொறுமையும் பண்பும் உள்ளவர்கள். ஒரு வாரத்துக்குள் தீராவிட்டால் தளத்தில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பொறுமையாகப் பேசுங்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது பேசுவதற்குத் தடை எதுவும் இல்லை.

"பாதித் தொகை தருகிறேன், புகாரை மூடிவிடுங்கள்" என்ற பேரமும் வரும். பொருளை வைத்துக்கொள்ள விருப்பமிருந்து தொகையும் நியாயமாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பணம் கைக்கு வரும்வரை புகாரை மூடக் கூடாது. பேபாலில் மூடிய புகாரை மறுபடி திறக்கவே முடியாது.

## ஏலத் தளத்தின் உத்தரவாதம்

ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதம் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்தது. பொருள் வந்த நாளிலிருந்து, வராவிட்டால் வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 30 நாளுக்குள் புகார் பதிவாக வேண்டும். விற்றவருக்கு மூன்று வேலை நாள் அவகாசம். அதற்குள் தீர்வு வராவிட்டால் தளத்தைத் தலையிடச் சொல்லலாம். முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு.

கெடு குறைவு என்பதால் இதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். வேகமும் இங்கேதான் அதிகம். விளக்கத்தோடு பொருந்தாத பொருளைத் திருப்பி அனுப்பும் செலவையும் விற்றவரே ஏற்க வேண்டும். கனமான பொருளை வெளிநாட்டிலிருந்து எடுத்தவருக்கு இந்த ஒரு விதியே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம். வங்கிக்குப் போனால் அந்தச் செலவை யாரும் தரமாட்டார்கள்.

தளத்துக்கு வெளியே பணம் கட்டியிருந்தால் இந்தப் பாதுகாப்பு அறவே கிடையாது. "தளத்தின் கமிஷன் மிச்சமாகும், தள்ளுபடி தருகிறேன்" என்று வெளியே இழுக்கும் விற்பனையாளரிடமிருந்து அந்த நொடியே விலகிவிடுங்கள். வாகனம், நிலம் முதலியவையும் இந்த உத்தரவாதத்தில் வராது.

இந்த வழியின் பலவீனம் டிராக்கிங் எண்ணில் இருக்கிறது. 'டெலிவரி ஆகிவிட்டது' என்று டிராக்கிங் காட்டினால் வராத பொருள் என்ற புகார் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மோசடிக்காரர்கள் இதைப் பயன்படுத்தும் விதம் இது: உங்கள் அஞ்சல் குறியீட்டிலேயே இருக்கும் வேறொரு முகவரிக்கு மலிவான ஒரு கடித உறையை அனுப்பி, அந்த எண்ணை உங்கள் ஏலத்தில் ஏற்றிவிடுவார்கள். டிராக்கிங் பக்கத்தில் ஊரும் குறியீடும் மட்டுமே தெரியும், வீட்டு எண் தெரியாது. ஊர் பொருந்துகிறது, எனவே டெலிவரி ஆனதாகக் கணக்கு. இதை உடைக்க ஒரே வழி, அஞ்சல் அலுவலகத்திலோ கூரியர் நிறுவனத்திலோ அந்த எண்ணைக் கொடுத்து, எந்த முகவரிக்குப் போனது, எடை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குவது. இரண்டு கிலோ கேமராவை வென்றவருக்கு வந்ததாகச் சொல்லப்படும் பார்சலின் எடை இருபது கிராம் என்று ஒரு தாளில் இருந்தால், அதற்குமேல் வாதாட வேண்டியதில்லை. இதே தாள் பிறகு பேபாலிலும் வங்கியிலும் கைகொடுக்கும்.

## பேபாலின் வாங்குபவர் பாதுகாப்பு

2002இல் ஈபே பேபாலை வாங்கியது. 2015இல் இரண்டும் பிரிந்தன. இன்று இரண்டின் புகார் முறைகளும் தனித்தனி. ஈபேயில் பேபால் வழியே பணம் கட்டியவருக்கு இரண்டு வாய்ப்பு உண்டு என்றாலும், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நடத்த முடியும்.

பேபாலில் கெடு 180 நாள். முதலில் விற்றவரோடு பேசும் கட்டம். 20 நாளுக்குள் அதை முறையான கோரிக்கையாக உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் புகார் தானாகவே மூடிக்கொள்ளும். இந்த 20 நாளைத் தவறவிட்டு முழுத் தொகையையும் இழப்போர் உண்டு. நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

பொருந்தாத பொருளைத் திருப்பி அனுப்பும் செலவை உங்களையே ஏற்கச் சொல்லலாம். நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்பும் வகையில் பணம் போட்டிருந்தால் பாதுகாப்பே இல்லை. ஏல விற்பனையாளர் அந்த வகையில் அனுப்பச் சொல்வதே எச்சரிக்கை மணி.

சிறிய ஏலத் தளங்களில், தங்களுக்கென்று உத்தரவாதம் எதுவும் வைத்திராத தளங்களில் எடுத்தவர்களுக்கு இதுதான் நல்ல வழி. ஈபேயின் 30 நாளைத் தவறவிட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

## வங்கியில் ஆட்சேபிப்பது

சார்ஜ்பேக்கைப் பலரும் ஒரு பொத்தானாக நினைக்கிறார்கள்: அழுத்தினால் பணம் திரும்பும். உண்மையில் அது இரண்டு வங்கிகளுக்கு இடையே தாள்களில் நடக்கும் வழக்கு. உங்கள் வங்கி, விற்றவரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கிறது. விற்றவர் மறுப்பு ஆவணங்களோடு பதில் தரலாம். பிறகும் தீராவிட்டால் விசாவோ மாஸ்டர்கார்டோ நடுவராக இருந்து முடிவு சொல்லும். அந்தக் கட்டத்தில் தோற்கும் வங்கிக்குச் சில நூறு டாலர் கட்டணம் விழும் என்பதால், சிறு தொகைக்காக வங்கிகள் அதுவரை போக விரும்புவதில்லை.

கெடு பொதுவாக 120 நாள். வராத பொருள் என்றால், அது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். இது ஏலத்தில் எடுப்பவர்களுக்குச் சாதகமான விதி, ஏனெனில் கடல் வழியே வரும் பொருள்களுக்கு டெலிவரி நாள் தொலைவில் இருக்கும். ஆனாலும் பணம் எடுக்கப்பட்டதிலிருந்து 540 நாளைத் தாண்ட விசா விடுவதில்லை. வங்கிகள் தம் வாடிக்கையாளர்களுக்கு இவற்றைவிடக் குறுகிய கெடு வைப்பதும் உண்டு.

விளக்கத்தோடு பொருந்தாத பொருளுக்கு விசா கேட்கும் ஒரு நிபந்தனையைப் பலர் அறிவதில்லை: பொருளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது அனுப்ப முயன்றிருக்க வேண்டும். திருப்பி அனுப்பியிருந்தால், விற்றவர் பணம் தருவதற்காக பொதுவாக 15 நாள் காத்திருக்க வேண்டும். பொருளையும் வைத்துக்கொண்டு பணத்தையும் கேட்கும் வழக்கு நிற்காது. விற்றவர் ஏற்க மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிவைப்பதே போதுமான ஆதாரம்.

வங்கிக்கு எழுதும் கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம். தேதி, வாக்கியம், இணைப்பு, அவ்வளவுதான். ஒரு பழைய கேமரா லென்ஸை எடுத்தவர் இப்படி எழுதலாம்:

> மார்ச் 4 அன்று ஏலத்தில் வென்றேன்; மார்ச் 5 அன்று கார்டில் தொகை எடுக்கப்பட்டது. "கண்ணாடிக்குள் பூஞ்சை இல்லை" என்று விளக்கத்தில் இருந்தது (இணைப்பு 1). மார்ச் 16 அன்று வந்த லென்ஸின் முன்கண்ணாடிக்குள் பூஞ்சை பரவியிருக்கிறது. வரிசை எண்ணும் சேர்ந்து தெரியும்படி எடுத்த படம் இணைப்பு 2. மார்ச் 17 அன்று திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு கேட்டேன் (இணைப்பு 3). மார்ச் 20 அன்று விற்றவர் மறுத்தார் (இணைப்பு 4). முழுத் தொகையையும் ஆட்சேபிக்கிறேன்.

வரிசை எண் தெரியும் படம் எதற்கு? "இது நான் அனுப்பிய லென்ஸே இல்லை" என்பதுதான் விற்றவர் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. இணைப்பு 1இல் இருக்கும் ஏலப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வென்ற அன்றே எடுத்துவைத்திருக்க வேண்டும். ஏலப் பக்கங்கள் நிரந்தரமாக இருப்பதில்லை, விளக்கம் போனால் வழக்கும் போயிற்று.

இனி செலவுகள். ஆட்சேபித்ததும் சில வங்கிகள் தற்காலிகமாகத் தொகையை வரவு வைக்கும். வழக்குத் தோற்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், இடைப்பட்ட காலத்துக்கு வட்டி சேர்வதும் உண்டு. அந்தப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள். வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியிருந்தால் திரும்பும் தொகை, அது திரும்பும் நாளின் மாற்று விகிதத்தில் வரும். முதலில் பிடித்த அந்நியச் செலாவணிக் கட்டணம் திரும்பாமல் போகலாம். கட்டிய சுங்கத் தீர்வைக்கும் இதற்கும் தொடர்பில்லை, அதைச் சுங்கத் துறையிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். சில ஏலத் தளங்கள் சார்ஜ்பேக் செய்தவரின் கணக்கை முடக்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரே தளத்தில் தொடர்ந்து சேகரிப்புப் பொருள்கள் எடுப்பவருக்கு இது கைவிட்டுப்போன தொகையைவிடப் பெரிய இழப்பு.

பேபால் வழியே போன பணமாக இருந்தால் வங்கிக்கு எதிர்த்தரப்பு பேபால். வழக்கு நடக்கும், ஆனால் ஒரு கை கூடுதலாகக் குறுக்கே நிற்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்களே ஓடிபி போட்டு எடுத்த ஏலத்தை "இது நான் செய்த பரிவர்த்தனை அல்ல" என்று வங்கியில் சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் சேவையில் அந்தப் பொத்தானை அழுத்துவது எளிது, கார்டையும் உடனே முடக்கிப் புதியது அனுப்புவார்கள். ஆனால் அது பொய் வாக்குமூலம். அங்கீகாரப் பதிவைக் காட்டியதுமே தோற்றுவிடும். அதன்பின் விளக்கத்தோடு பொருந்தவில்லை என்ற உண்மையான காரணத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

மாறாக, கார்டு உண்மையிலேயே களவாடப்பட்டு யாரோ ஏலம் எடுத்திருந்தால் மேலே சொன்ன வரிசை எதுவும் வேண்டாம். அன்றே, அந்த மணி நேரமே வங்கிக்குத் தெரிவியுங்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, மூன்றாம் நபரின் அத்துமீறலால் நடந்ததை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் அங்கீகாரமற்ற கிரெடிட் கார்டுப் பயன்பாட்டுக்கு வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலரைத் தாண்டாது.

## ஏல நிறுவனங்களின் இணைய ஏலம்

கிறிஸ்டீஸ் போன்ற ஏல நிறுவனங்கள் நடத்தும் இணைய ஏலம் வேறு உலகம். பொருள் 'உள்ளது உள்ளபடியே' விற்கப்படும். வாங்குபவர் கட்டணம் என்று வென்ற விலைக்கு மேல் ஒரு சதவீதம் வரும், அதுவும் நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் இருக்கும். அந்தக் கட்டணத்தைப் பார்த்து அதிர்ந்து வங்கியில் ஆட்சேபித்தால் கையெழுத்திட்ட நிபந்தனைகளை எடுத்துக் காட்டுவார்கள். பொருளின் குறைகளை முன்கூட்டியே சொல்லும் நிலை அறிக்கையில் குறிப்பிட்ட கீறலுக்கும் அதே பதில்தான்.

போலி என்றால் கதை மாறும். கிறிஸ்டீஸின் நம்பகத்தன்மை உத்தரவாதம் ஐந்து ஆண்டு. கார்டின் 120 நாளோடு ஒப்பிட்டால் இங்கே நிறுவனத்தின் சொந்த உத்தரவாதமே மேல். நிபுணர் அறிக்கை வாங்கும் செலவு மட்டும் பெரும்பாலும் உங்களுடையது.

## சட்டம் கூடுதலாகத் தருவது

பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75. ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், விற்றவரின் பொறுப்பு வங்கிக்கும் உண்டு. சார்ஜ்பேக்கின் 120 நாள் இதற்குப் பொருந்தாது. ஆனால் வங்கிக்கும் விற்றவருக்கும் நேரடித் தொடர்பு வேண்டும். நடுவில் பேபாலோ ஏலத் தளமோ பணத்தை வாங்கிக் கைமாற்றினால் அந்தத் தொடர்பு அறுந்துவிட்டதாகவே பெரும்பாலும் கொள்வார்கள். தனித்தனிப் பொருள்களின் விலையைக் கூட்டி 100 பவுண்டு காட்டவும் முடியாது. ஏல நிறுவனத்திடம் நேரடியாகக் கார்டில் கட்டியவருக்கு இது வலுவான ஆயுதம்.

அமெரிக்காவில் அதே 1974இல் வந்த நியாயமான கடன் பில்லிங் சட்டம், ஒப்புக்கொண்டபடி வந்து சேராத பொருளையும் பில் பிழையாகக் கொள்கிறது. அந்தத் தொகை இடம்பெற்ற முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது மட்டும் போதாது. வங்கி இரண்டு பில் சுழற்சிக்குள், அதிகபட்சம் 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை ஆட்சேபித்த தொகையைக் கட்டாமல் நிறுத்திவைக்கலாம்.

வங்கி கைவிரித்தால் அடுத்தது குறைதீர்ப்பாளர். இந்தியாவில் வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ அதன் பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். பிரிட்டனில் இதே வாய்ப்பு எட்டு வாரத்துக்குப் பிறகு. இவர்கள் பார்ப்பது விற்றவர் ஏமாற்றினாரா என்பதையல்ல, உங்கள் வழக்கை வங்கி ஒழுங்காக நடத்தியதா என்பதை. அதனால் வங்கி உங்கள் ஆட்சேபத்தை நிராகரிக்கும்போது விற்றவர் கொடுத்த மறுப்பு ஆவணங்களின் நகலை எழுத்தில் கேளுங்கள். அதில் வேறு முகவரிக்குப் போன டிராக்கிங் எண்ணோ, ஏலத்துக்குப் பிறகு திருத்திய விளக்கமோ இருந்தால், அதைச் சுட்டிக்காட்டி வங்கி கொடுத்திருக்கும் கெடுவுக்குள் பதில் போடுங்கள்.